கொழும்பு மெயில்: இணைப்பும் காட்சியும்

வழிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வழியின் நீளத்தையும், அதனை அமைத்தோர் பெயரையும், அதற்கு ஆன செலவையும் கூறி அமைவர். வழியிற் சென்றவன் எங்கே காத்திருந்தான், எதனைக் கண்டான், எதனைக் காணாது கடந்தான் என்பவை ஏட்டில் ஏறுவதில்லை. நெடுந்தொலைப் புகைவண்டிப் பயணத்தை மேற்கொள்பவன் உள்ளத்தில் எழும் கவலைகள் இரண்டு. ஒரு வண்டியை விட்டு இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டிய இடத்தில் அந்த மற்றொன்று தனக்காக நிற்குமா என்பது முதற்கவலை. வழியில் உள்ள அழகிய இடங்கள் பகலில் வருமா, இரவில் கழியுமா என்பது இரண்டாவது. முன்னதைக் காரியம் என்றும் பின்னதைப் பொழுதுபோக்கு என்றும் கொள்வது இயல்பு. ஆயின், சென்னையிலிருந்து கொழும்புக்குச் சென்ற பழைய புகைவண்டி வழியை ஆராயுங்கால் இவ்விரண்டும் வேறல்ல என்பது புலனாகின்றது. அவ்வழியில் காட்சி என்பது இணைப்பு விட்டுவைத்த மிச்சமேயாகும். யார்க்கு எந்த இணைப்பு வாய்த்தது என்பதைப் பொறுத்தே யார் எதனைக் கண்டனர் என்பதும் அமைந்தது.

அவ்வழியில் ஓடிய வண்டியை மக்கள் ‘போட்மெயில்’ என்றனர். சிலர் ‘கொழும்பு மெயில்’ என்றும் கூறுவர். பிற்காலத்துத் தமிழக வண்டிகள் பாண்டியன், பல்லவன், வைகை என அரசர் குடியாலும் ஆற்றாலும் பெயர் பெற்றன. இவ்வண்டியோ தான் சென்று சேர வேண்டிய கப்பலால் பெயர் பெற்றது. பெயரிலேயே இணைப்பு அடங்கிக் கிடத்தல் காண்க. இரு பாதைகள் கூடும் நிலையத்தைத் தமிழில் ‘சந்திப்பு’ என வழங்குதலும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆங்கிலச் சொல் பொருந்துதலை மட்டுமே உணர்த்த, தமிழ்ச்சொல் ஒருவரை ஒருவர் எதிர்ப்படுதலை உணர்த்துகின்றது. ஒரு வண்டி மற்றொரு வண்டியை எதிர்பார்த்து நிற்கும் நிலைக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது.

சேதுவின் வழி புதியதன்று. பாண்டியர்க்கு உரிய கோடி என்னும் கடற்றுறையை அகநானூற்றின் 70ஆம் பாட்டு குறிப்பிடுகின்றது. இராமன் அங்கு ஆலமரத்தடியில் அமர்ந்து அருமறை ஆய்ந்த செய்தியும் அப்பாட்டில் வருகின்றது. அக்கோடி தனுஷ்கோடியே என்பார் உளர். கோடிக்கரை என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி நமக்கு இங்கு வேண்டா. நிலம் முடிந்து கடல் தொடங்கும் முனையில் நின்று, மேலே செல்வதற்கு வழி பார்த்தல் இந்நாட்டில் மிகப் பழைய செயல் என்பதொன்றே போதும்.

புகைவண்டி வந்த தொடக்கக்காலத்தில் கொழும்புக்குரிய வழி சேது வழியன்று; தூத்துக்குடி வழியே. 1880ஆம் ஆண்டளவில் சென்னையும் தூத்துக்குடியும் தென்னிந்திய இருப்புப்பாதையால் இணைந்துவிட்டன. தூத்துக்குடியில் இறங்கிய பயணி நீராவிக் கப்பலேறி, ஓரிரவில் மன்னார் வளைகுடாவைக் கடந்து, காலையில் கொழும்புத் துறைமுகத்தைக் கண்டான். இவ்விணைப்பில் குறையொன்று இருந்தது. தூத்துக்குடிக் கடல் கரையருகே ஆழமற்றது. ஆதலின் பெருங்கப்பல் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். வண்டியை விட்டு இறங்கியவன் சிறு நீராவிப் படகிலேறி அலையில் அலைப்புண்டு அக்கப்பலை அடைய வேண்டும். கால அட்டவணையில் ஒரு வரியாக அமைந்த இவ்விடைவெளி, காற்று மிகுந்த நாளில் பயணத்தின் மிகக் கடிய பகுதியாயிற்று.

1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் முன்னின்று தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி போட்டியிட்டது இவ்வழியிலேதான். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்ததும், சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியதும், பின்னர் ஆங்கிலக் கம்பெனி கட்டணமின்றி ஏற்றிக் குடையும் அளிக்க முற்பட்டதும் பலரும் எழுதிய செய்திகள். அப்போராட்டத்தைக் கட்டணப் போராகவே காண்பது குறைவுடைய பார்வை என்பது என் கருத்து. மூட்டைகளோடும் குழந்தைகளோடும் நெடுந்தொலை வந்து இறங்கும் பயணிக்குக் கப்பலின் கட்டணத்தைப்போலவே அது புறப்படும் நேரமும் முதன்மையானது. அஞ்சல் வண்டியோடு பொருந்தப் புறப்படும் கப்பல் எதுவோ அதுவே அவனுக்கு இயல்பான கப்பல். இணைப்பைக் கையில் வைத்திருப்பவன் கடலில் பாதியை முன்னரே வென்றவனாவான். சுதேசிக் கம்பெனி 1908இல் தன் தலைவரைச் சிறைக்குக் கொடுத்தது; 1911இல் கலைக்கப்பட்டது.

அவ்வாண்டுகளிலேயே வடக்கே வேறொரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை 1902இல் திறக்கப்பட்டது. மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள கால்வாயின்மேற் பாலம் அமைக்கும் வேலை 1911இல் தொடங்கி, 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகும். நடுவிலே கப்பல்களுக்கு வழிவிடும்பொருட்டு இரு புறமும் மேலெழும் இரும்புத் தூக்கு அமைக்கப்பட்டது; வடிவமைத்த பொறியாளர் பெயரால் அது ஷெர்சர் தூக்கு எனப்பட்டது. பல்லாண்டுகள் அதனை மனிதர் கையாற் சுழற்றியே திறந்தனர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு மணற்றிட்டுக்களின் மேலாகவே இருப்புப்பாதை அமைக்கும் எண்ணமும் இருந்தது. செலவு கருதி அது கைவிடப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ 22 மைற் கடலை நீராவிக் கப்பல்கள் கடந்தன. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என அரசப் பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய கப்பல்கள் முதலில் ஓடின; பின்னர் இர்வின், கோஷன் என்பவை வந்தன.

கடல் ஒருபுறமிருக்க, நிலத்திலும் ஒரு பிளவு இருந்தது. தென்னிந்திய இருப்புப்பாதை ஒரு மீட்டர் அகலம் உடையது. தலைமன்னாரிலிருந்து சென்ற இலங்கை அரசினர் இருப்புப்பாதையோ ஐந்தடி ஆறங்குல அகலம் உடையது. இக்கரை வண்டி அக்கரையில் ஓடுதல் இயலாது. ஆதலின் எழும்பூரிற் பெற்ற ஒரே பயணச்சீட்டுக் கொழும்புக் கோட்டை வரை செல்லும் என்று எழுதியிருப்பினும், பயணி தன் உடலையும் பொருளையும் இருமுறை இறக்கி இருமுறை ஏற்ற வேண்டியவனானான். சீட்டு ஒன்று, பயணம் மூன்று.

இம்மூன்று பயணங்களையும் கோத்த நூல் கால அட்டவணை. அது எவ்வாறு கோக்கப்பட்டது என்பதை முடிவிலிருந்து நோக்கினால் விளங்கும். கொழும்புக்கு வண்டி காலையில் சேருதல் வேண்டும். அலுவலகங்களும் வணிக நிலையங்களும் திறப்பதற்கு முன் அஞ்சல் ஊரை அடைதல் வேண்டும். அதற்குத் தலைமன்னாரிலிருந்து முன்னிரவிற் புறப்படல் வேண்டும். அதற்குக் கப்பல் பிற்பகலிற் கடல் கடத்தல் வேண்டும். கடப்பதற்கு இரண்டு மணி நேரமளவு. சுங்கச் சோதனைக்கும் மருத்துவச் சோதனைக்கும் மேலும் சில நேரம். அவ்வாறாயின், சென்னை வண்டி நண்பகலை ஒட்டிப் பாம்பனைக் கடந்து பிற்பகலில் தனுஷ்கோடித் துறையிற் சேர வேண்டும். எழும்பூரிலிருந்து முதல்நாள் மாலையில் அது புறப்பட வேண்டும். இக்கணக்கில் எந்தக் காட்சிக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆயினும் இக்கணக்கே ஒவ்வொரு காட்சிக்கும் ஒளியையோ இருளையோ பங்கிட்டுக் கொடுத்தது.

எழும்பூரை மாலையில் விட்ட பயணிக்கு விழுப்புரத்திற்கு முன்னரே இருட்டிவிடும். கொள்ளிடப் பாலத்தை அவன் ஓசையால் அறிவானேயன்றிக் கண்ணாற் காணான். சிதம்பரம், சீகாழி, மாயூரம், கும்பகோணம், தஞ்சை எனப் பாடல்பெற்ற தலங்கள் ஒவ்வொன்றும் நிலைய விளக்கும் காப்பி விற்பவர் குரலுமாகக் கழியும். சோழ நாட்டின் வயலையும் வாய்க்காலையும் காண விழைந்தவனுக்குப் போட்மெயில் ஏற்ற வண்டியன்று. திருச்சிராப்பள்ளி அளவில் பொழுது விடியும். 1930ஆம் ஆண்டிற்கு முன் மதுரை வழியாகவும், பின்னர்ப் புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகவும் வண்டி மானாமதுரையை அடையும். மானாமதுரை முதல் இராமநாதபுரம் வரை பனையும் உடைமரமும் வறண்ட கண்மாய்களும் நிறைந்த நிலம். நாட்டின் வளம் மிக்க பகுதியை இருளிலும் வளம் குறைந்த பகுதியை நல்ல வெயிலிலும் காட்டிய வண்டி இது. வெளிநாட்டார் சிலர் தமிழகத்தைப் பாலை என்று எண்ணிச் சென்றிருப்பாராயின், குற்றம் கால அட்டவணையினுடையது.

பாம்பனில் இக்குறை தீர்ந்தது. மண்டபத்தை விட்டு வண்டி பாலத்தின்மேல் ஏறியதும், கிழக்கு நோக்கிச் செல்பவனுக்கு இடப்பக்கம் பாக்கு நீரிணையும் வலப்பக்கம் மன்னார் வளைகுடாவும் ஒரே நேரத்தில் தோன்றும். வாடைக்காலத்தில் இடப்பக்கக் கடல் கொந்தளிக்க வலப்பக்கக் கடல் அமைதியாயிருத்தலையும், தென்மேற்குப் பருவத்தில் இது மாறுதலையும் ஊரார் நன்கறிவர். தண்டவாளத்திற்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. சாளரத்தின் வழியே கீழே நோக்கினால் நீர்தான். காற்றுக்கும் அலைக்கும் அஞ்சி வண்டி அங்கு மிக மெல்லச் செல்லுமாறு விதிக்கப்பட்டது. காற்று வரம்பு கடந்தால் வண்டியை நிறுத்துவதும் உண்டு. பயணிகள் நெடுநேரம் கடலைக் கண்டு மகிழ்ந்தமைக்குக் காரணம் பொறியாளரின் அச்சமேயன்றிக் கம்பெனியாரின் இரசனை அன்று. இணைப்புக் கணக்கினாற் பகலும், பாலத்தின் மென்மையால் நேரமும் கிடைத்தன. இவ்வழியின் புகழ்பெற்ற காட்சி இவ்வாறு தானே அமைந்தது.

அக்கரையில் மீண்டும் இருள். தலைமன்னாரில் வெளிச்சம் மங்கும் வேளையில் வண்டியேறியவன் மன்னாரையும் மதவாச்சியையும் உறக்கத்திற் கடப்பான். அனுராதபுரத்தின் தூபங்களும் பெருங்குளங்களும் இரவில் மறைந்தே கிடக்கும். அவற்றைக் காண வேண்டுவோன் அங்கே இறங்கித் தங்கவே வேண்டும். இணைப்பைத் துறந்தவனுக்கே அக்காட்சி. மாகோவைக் கடந்து பொல்காவலைக்கு வரும்போது கிழக்கு வெளுக்கும். அங்கிருந்து கொழும்பு வரை தென்னந்தோப்பும் நெல்வயலும் பசுமையாகத் தொடரும். வறண்ட இராமநாதபுரத்தைப் பகலில் விட்டுவந்த கண்ணுக்கு அது மற்றோர் உலகமாகவே தோன்றியிருக்கும்.

இதுகாறும் கூறியது முழுவழிச் சீட்டு வாங்கும் வசதியுடையார் பயணம். அவ்வழியிற் சென்றவருள் அவர் சிறுபான்மையர். பெரும்பான்மையர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர். அவர்தம் இணைப்பு வேறு வகையினது.

புகைவண்டி வருமுன் அம்மக்கள் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னாரை அடைந்து, நீரற்ற காடுகளின் வழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொள்ளைநோயச்சம் பரவவே அவ்வழி அடைக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையில் முகாம் அமைத்து, அங்கே தங்கவைத்துச் சோதித்தபின் கப்பலேற்றினர். சேது வழி திறந்தபின் மண்டபம் முகாமாயிற்று. தோட்ட முதலாளிகள் சார்பில் ஆள் திரட்டுவதை மேற்பார்க்கும் அலுவலகம் 1904 முதல் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. ஆகவே சேலம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து கங்காணியோடு புறப்பட்டவர்க்குச் ‘சந்திப்பு’ என்பது பெரும்பாலும் திருச்சியிலேயே தொடங்கியது.

இவர்களுக்கும் முழுவழிச் சீட்டு ஒன்று உண்டு. அது தாளால் ஆனதன்று, தகரத்தால் ஆனது. 1901ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட முறைப்படி, தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகர வில்லையொன்று ஒவ்வொருவர்க்கும் அளிக்கப்பட்டது. அதனைக் காட்டியவர் கையிற் காசின்றியே தோட்டம் வரை அனுப்பப்பட்டார். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறிற்று. தாள் சீட்டைக் காட்டிய பயணி, தான் செல்ல விரும்பும் இடத்தைக் காட்டினான். தகர வில்லையைக் காட்டியவர், தம்மை எந்த இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதைக் காட்டினர். பண்டத்தின்மேல் ஒட்டும் முகவரிக்கும் அவ்வில்லைக்கும் வேற்றுமை காண்பது கடினம். அடுத்த வண்டி தவறுமோ என்னும் கவலை அவர்க்கு இல்லை. ஏனெனில், எந்த வண்டியில் ஏறுவது என்பதை முடிவு செய்யும் உரிமையே அவர்க்கு இல்லை.

மேல் வகுப்புப் பயணி மண்டபத்தில் மருத்துவர் ஒருமுறை நோக்கியதும் மேலே சென்றான். தொழிலாளரோ முகாமிற் சில நாள்கள் தடுத்து வைக்கப்பட்டனர். ஆடைகள் நீராவியில் இடப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது. போட்மெயில் ஒவ்வொரு நாளும் அவர்களைக் கடந்து சென்றது. மண்டபம் முகாம் கடலை அடுத்தது. மருதத்திலும் முல்லையிலும் பிறந்து, கடலையே முன்னர்க் கண்டிராத பலர் அங்கே நாட்கணக்கில் அதனைப் பார்த்திருப்பர். இவ்வழியின் புகழ்பெற்ற கடற்காட்சியை மிக நெடுநேரம் கண்டவர் யார் என்று வினவினால், இவர்களே என்று விடை கூற வேண்டும். ஆயினும், ‘காட்சி’ என்ற சொல்லை ஈண்டு ஆளலாமா என்பது ஐயமே. விரும்பி நிற்பவன் காண்பது ஒன்று. நிறுத்தி வைக்கப்பட்டவன் காண்பது மற்றொன்று.

தலைமன்னாரிலும் அவ்வேற்றுமை தொடர்ந்தது. கொழும்புப் பயணி தன் வண்டியில் உறங்கிச் சென்றான். மலைநாட்டிற்குரியவர் பொல்காவலையில் இறங்கி, கண்டிச் சீமைக்குச் செல்லும் பாதையில் வண்டி மாறினர். அங்கிருந்து ஏறத் தொடங்கும் அப்பாதை அட்டன், நானுஓயா வழியாகப் பட்டிப்பொலையில் 6,200 அடிக்கு மேலும் உயர்ந்து, 1924இல் பதுளையை எட்டியது. மூடுபனியும் அருவியும் தேயிலைச் சரிவும் சூழ்ந்த அவ்விருப்புப்பாதையை உலகின் அழகிய இருப்புப்பாதைகளுள் ஒன்றாக இன்று பல நாட்டாரும் வந்து காண்கின்றனர். அச்சரிவுகளைக் காடழித்துத் தேயிலையாக்கியோர் இம்மக்களே.

1939 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பலரை எந்நாட்டுக் குடிமக்களும் அல்லர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதாக விட்டனர். ஒரு கால அட்டவணையைப்போல இவ்வுடன்படிக்கையும் எண்களால் ஆனது. பதினைந்து ஆண்டுகளில் இத்தனை பேர் என்று அதிற் கணக்கிடப்பட்டது.

அக்கணக்கு ஒப்பமான இரண்டு மாதங்களுக்குள் வழியே முறிந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற பயணி வண்டியொன்று நூற்றுக்கும் மேற்பட்ட மக்களோடு கடலில் மூழ்கியது. பாலத்தின் தூண்களும் நடுத்தூக்கும் நிற்க, இரும்புச் சட்டங்களுட் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளராயிருந்த ஈ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாள்களிற் பாலம் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடித் துறையோ மீளவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடலாயிற்று. ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் அப்பணியிற் பல்லாண்டுகள் இருந்தது.

உடன்படிக்கைவழி நாடு திரும்பியோர் இவ்வழியிலேயே வந்தனர். பதுளை, அட்டன், தலவாக்கொல்லை முதலிய நிலையங்களில் வண்டியேறி, பொல்காவலையில் வடக்கே திரும்பி, தலைமன்னாரிற் கப்பலேறினர். மலைநாட்டுத் தமிழில் புகைவண்டிக்குக் ‘கோச்சி’ என்று பெயர். இம்மக்களை ஏற்றிச் சென்ற வண்டியை அவர்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். கப்பலாற் பெயர் பெற்ற வண்டியை முன்னர்க் கண்டோம். ஏறியவரின் அழுகையாற் பெயர் பெற்ற வண்டி இது. ஒரே குடும்பத்தில் ஒருவர்க்கு இந்தியக் கடவுச்சீட்டும் மற்றொருவர்க்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்தமையால், நிலைய மேடையிற் பிரிந்தோர் பலர். இந்த இணைப்பு அவர்களை உற்றாரிடமிருந்து அறுத்தே மறுகரைக்கு இணைத்தது. மலைநாட்டின் அழகிய வளைவுகளை அவர்கள் கடைசி முறையாகப் பகலிற் கண்டனரா, இரவிற் கடந்தனரா என்பது அவரவர் ஏறிய நிலையத்தையும் கப்பல் புறப்படும் நாளையும் பொறுத்திருந்தது.

மண்டபம் முகாம் மீண்டும் திறந்திருந்தது. பாட்டனார் தகர வில்லையோடு காத்திருந்த இடத்திற் பேரர்கள் குடும்ப அட்டையோடு காத்திருந்தனர். பின்னர்ச் சிலர் 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் நூற்பாலைகளுக்கும், சிலர் பழைய ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் சென்றவர் மீண்டும் தேயிலைச் சரிவுகளையே கண்டனர்.

இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பல் 1980களின் முற்பகுதியில், இலங்கையில் இனப்பகை முற்றியபோது நின்றது. தலைமன்னார் இருப்புப்பாதை 1990இற் போரால் மூடப்பட்டு, 2015 மார்ச்சு மாதம் துறைமுனை வரை மீண்டும் திறக்கப்பட்டது. பாம்பன் பாதை 2007இல் அகலமாக்கப்பட்டது. 2022 டிசம்பரிற் பழைய பாலத்திற் போக்குவரத்து நிறுத்தப்பட, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆகவே இரு கரைப் பாதைகளும் ஒருவாறு ஒரே அகலம் பெற்றுவிட்டன. இடையே கப்பல் இல்லை. எழும்பூரிலிருந்து கும்பகோணம், தஞ்சை வழியாக இராமேசுவரத்திற்கு இரவிற் செல்லும் வண்டி இன்றும் போட்மெயில் என்றே அழைக்கப்படுகின்றது.